ஆமாம், பையனுக்கு செல்போன் கொடுப்பது நான்தான்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் மகள் படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. சிறப்பு விருந்தினர் ஒருவர் காரில் வந்து இறங்கி முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சுக்கு நடுவில், "வீட்டில் குழந்தைக்கு செல்போன் கொடுக்கிற அம்மாக்கள் கை தூக்குங்க, பார்க்கலாம்" என்றார். ஒருவரும் தூக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று சத்தமில்லாமல் யானைப் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தது, அவள் அவசரமாக முந்தானையை இழுத்துப் போனை மூடினாள். நானும் கையைத் தூக்காமல் குனிந்துகொண்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாக்கள் என்றுதான் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் சுவரோரம் பத்துப் பன்னிரண்டு அப்பாக்கள் நின்று அவரவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர் சொன்ன விஷயங்கள் தப்பு என்று சொல்ல வரவில்லை. இரண்டு வயது ஆகும் வரை திரையே கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எப்போதாவது சொந்தக்காரர்களோடு வீடியோ காலில் பேசுவதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. இதையெல்லாம் படம் போட்டுக் காட்டினார், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் கொடுக்கிறீர்கள் என்று அவர் எங்களைக் கேட்கவே இல்லை. காரணத்தை அவரே சொல்லிவிட்டார். சீரியல் பார்க்க, அரட்டை அடிக்க, அப்புறம் சோம்பேறித்தனம். அவ்வளவுதான், கைதட்டினார்கள், டீயும் பிஸ்கட்டும் வந்தது.

நாங்கள் சேலம் சிவதாபுரம் பக்கம். வீட்டின் முன் அறைதான் பட்டறை, வெள்ளிக் கொலுசு செய்கிறோம். கணவரும் கொழுந்தனாரும் கேஸ் நெருப்பில் கண்ணிகளைப் பற்றவைப்பார்கள், நான் சலங்கை கோர்ப்பேன், கழுவி எடுப்பேன். கழுவுகிற ஆசிட் தண்ணீர் அந்த மூலையில் வாளியில் இருக்கும், நெருப்பு இந்த மூலையில் இருக்கும், நடுவில் இருக்கிற இடம் பத்தடிக்குப் பத்தடி. இந்த அறைக்குள் மூன்றரை வயதுப் பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று அந்த ஐயாவை நான் கேட்டிருக்க வேண்டும். சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தலாம், அங்கேயும் கேஸ்தான். தெருவில் விடலாம், மெயின் ரோட்டில் நெரிசல் என்றால் பைக்கெல்லாம் எங்கள் சந்து வழியாகத்தான் பறக்கும்.

வெள்ளி வேலையில் இன்னொரு சங்கடம் உண்டு, வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வியாபாரி வெள்ளியை எடை போட்டுத்தான் கொடுப்பார், கொலுசாக வாங்கும்போதும் எடை போட்டுத்தான் வாங்குவார், சேதாரத்துக்கு மேல் குறைந்தால் எங்கள் கூலியில்தான் கழியும். வெள்ளி இன்று விற்கிற விலையில் நான்கு சலங்கை கட்டிலுக்கடியில் உருண்டு போனாலும் அன்றைய பால் காசு போச்சு. ஒரு நாள் பையன் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தான், கூப்பிட்டால் பேசவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் ஐந்தாறு சலங்கையை அடக்கி வைத்திருக்கிறான். அன்றைக்கு எடை கிடை எதுவும் எனக்கு நினைவில்லை, தொண்டைக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் ராத்திரி முழுக்க. மறுநாளிலிருந்து மதியம் மூன்று மணிக்கு அங்கன்வாடியிலிருந்து வந்ததும் அவனை உள் அறைக் கட்டிலில் உட்காரவைத்து போனைக் கையில் கொடுத்துவிடுகிறேன். ஏழு மணிக்கு வியாபாரியின் ஆள் வருவதற்குள் வேலை முடிய வேண்டும். அந்த மூன்று நான்கு மணி நேரம் அவன் அந்தக் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இறங்காமல் இருக்கிறானே என்றுதான் பயம், இறங்காமல் இருக்கட்டும் என்றுதான் கொடுக்கிறேன். இரண்டும் உண்மை.

சரி, எல்லா நேரமும் இப்படித்தானா என்றால் இல்லை. சோறு ஊட்டும்போதும் கொடுக்கிறேன், அதற்குப் பட்டறையைக் காரணம் சொல்ல முடியாது. என் அம்மா எனக்கு வாசல் திண்ணையில் வைத்துத்தான் ஊட்டினாள். காக்கா பார், அதோ ரயில் பார், நிலாவைப் பார் என்று முக்கால் மணி நேரம் ஆகும், தெருவில் போகிற நாலு பேர் நின்று ஆளுக்கு ஒரு வாய் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த முக்கால் மணி நேரம் இல்லை, நிற்கிற நாலு பேரும் இல்லை. போனைக் காட்டினால் எட்டு நிமிடத்தில் கிண்ணம் காலி. என்ன சாப்பிட்டான் என்று அவனைக் கேட்டால் தெரியாது. ஒரு நாள் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முருகனை விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தான், அடுத்த படம் வரவில்லை என்று அழுதான். அவன் அப்பா சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன், அப்புறம் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

இந்தப் போன் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதுகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினார்கள். ஜூன் பிறந்ததும் ஆன்லைன் வகுப்பு, ஸ்மார்ட்போன் இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பள்ளியிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னார்கள். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வேலை நின்றுபோன நேரம், என் கம்மலை அடகு வைத்துத்தான் போன் வாங்கினோம். அரசாங்கம் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தியது, அதையும் பார்த்தாள், அதுவும் திரைதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஏறக்குறைய ஒன்றரை வருடம், போனைப் பார், போனைப் பார், தலையைத் திருப்பாதே என்று சொல்லி உட்காரவைத்தது நாங்கள்தான், பள்ளியும்தான். பள்ளி திறந்த அன்றே போனைத் தொடாதே என்றால் ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்?

இப்போதும் வீட்டுப் பாடம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. ராத்திரி ஏழரைக்கு வரும், சில நாள் எட்டே முக்காலுக்கு. ஆண்டு விழா நடனத்துக்கு வீடியோ லிங்க் அனுப்பி, பார்த்துப் பழகி வரச் சொல்கிறார்கள். அதை அனுப்பிய அதே பள்ளிதான் செல்போன் ஒழிப்புக்குக் கூட்டமும் போட்டது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, டீச்சர்களுக்கும் அவர்கள் பாடு இருக்கும். ஆனால் டயரியில் எழுதிக் கொடுத்தால் போதுமே, முன்பெல்லாம் அப்படித்தானே இருந்தது?

மாமனார் இதற்கெல்லாம் சிரிப்பார். சேலத்துக்காரனுக்குத் திரை புதுசா என்பார். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவை ஆரம்பித்து நூறு படத்துக்கு மேல் எடுத்த ஊர் இது, ஏற்காடு ரோட்டில் அந்த வாசல் வளைவு இன்னும் நிற்கிறது. மாமனார் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுக்குத் தெரியாமல் டென்ட் கொட்டகைக்குப் போய் மணலில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கியதை இப்போதும் பெருமையாகச் சொல்வார். நான் அவரிடம் சொன்னேன், மாமா, உங்கள் படத்துக்குக் கடைசியில் 'சுபம்' போடுவான், நீங்கள் எழுந்து மணலைத் தட்டிவிட்டு நடந்து வந்தீர்கள். இவன் பார்ப்பதில் சுபம் கிடையாது, ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, இடைவேளை கூட இல்ல" என்றார்.

அந்தத் தானாக வருவதை நிறுத்தி வைக்கலாம் என்று என் மகள்தான் காட்டிக் கொடுத்தாள். இப்போது மூன்று பாட்டு மட்டும் இறக்கி வைத்துவிட்டு நெட்டை அணைத்துக் கொடுக்கிறேன். மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்து அவனுக்கே சலித்துப் போய் அரை மணி நேரத்தில் கீழே வைக்கிறான். வைத்தால் என்ன ஆகும்? பட்டறைக்குள் வருவான். அப்போது மறுபடியும் நெட்டைப் போடுகிறேன். சிறப்பு விருந்தினர் சொல்லிக் கொடுத்த ஐந்து வழிகளும் இந்த இடத்தில் வந்துதான் முட்டுகின்றன.

என் அக்காவை ஏற்காட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது. காபி எஸ்டேட் வேலை. மலையில் என்ன குறை, காடும் காற்றும் இருக்கிறதே, பிள்ளைகள் ஓடி விளையாடலாமே என்று நினைப்போம். ஆறு மணிக்கு மேல் அங்கே பிள்ளையை வெளியில் விட முடியாது, காட்டுமாடு லைன் வீட்டுப் பக்கமே வந்து நிற்கிறது என்கிறாள். பழம் பறிக்கிற சீசனில், கார்த்திகை மார்கழிக் குளிரில், பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். அவள் மாமியார் காலத்தில் சில்வர் ஓக் மரத்துக் கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டுப் பறிப்பார்களாம், பெரிய எஸ்டேட்டுகளில் குழந்தைகளைப் பார்க்கவே ஒரு கொட்டகையும் ஆயாவும் உண்டாம். அது யாரோ மனமிரங்கிச் செய்ததில்லை, சட்டம். 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஐம்பது பெண்கள் வேலை செய்தால் அல்லது இருபது குழந்தைகள் இருந்தால் காப்பகம் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இப்போது அக்கா போகிற இடத்தில் தினக்கூலிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், இன்று இந்த எஸ்டேட், நாளை வேறு. ஐம்பது பேர் கணக்கு எங்கே வரும்? அவள் மகள் கூடைக்குப் பக்கத்தில் சாக்கு மேல் உட்கார்ந்து போன் பார்க்கிறாள். டவர் கிடைக்காத சரிவில் வேலை என்றால் அன்றைக்கு அழுகைதான்.

கீழே எங்கள் கதையும் அதுதான். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள், நல்ல விஷயம். எங்கள் பட்டறையில் மூன்று பேர். எதிர் வீட்டில் நான்கு பேர். எங்கள் தெரு முழுக்க எண்ணினால் ஐம்பதைத் தாண்டும், ஆனால் தெருவைத் தொழிற்சாலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஒரு மாதம் மட்டும் எங்கள் வீட்டில் போனுக்கு மவுசு போய்விடும். ஆடி. மாரியம்மன் பண்டிகை, பூச்சாட்டு தொடங்கிப் பொங்கல் வைக்கிற வரை தெருவெல்லாம் ஆள். சொந்தக்காரப் பிள்ளைகள் வந்து இறங்கும், தினம் ஒரு வீட்டில் கூழ், ராத்திரியானால் மேளம், குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை, அதாவது அலங்கார வண்டி ஊர்வலம், பார்க்கத் தோளில் ஏறிக்கொண்டு போவது. போன வருடம் பையன் எட்டு நாள் போனே கேட்கவில்லை. சார்ஜ் இறங்கிக் கிடந்தது. நான் ஒன்றும் சாமர்த்தியம் செய்யவில்லை, புத்தகம் படித்துப் பிள்ளை வளர்க்கவில்லை, அவனைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள், ஒன்பதாம் நாள் "போன் எங்கம்மா" என்றான்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மா கொஞ்ச காலம் சாயங்காலம் ஆறு பிள்ளைகளைத் தன் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்தோம், வேண்டாம் என்பார், வாங்கிக்கொள்வார். பல்லாங்குழி, கதை, சும்மா மண்ணில் உட்கார்ந்திருப்பது, ஒருத்தன் அடித்தான் என்று இன்னொருத்தன் அழுவது, இதுதான் நடந்தது. அந்த நான்கு மாதத்தில் பையன் பேசிய பேச்சை அதற்கு முன்னும் பின்னும் பேசவில்லை. பாட்டியம்மாவைத் திருப்பூருக்கு மகள் அழைத்துக்கொண்டு போய்விட்டாள், அங்கே பேரனைப் பார்க்க ஆளில்லையாம்.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவள் இப்போது ஏழாவது. அவளுக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி போட்டாயிற்று. கண் டாக்டர் போனைத்தான் முதலில் திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் முதலில் கேட்டது, "பகல் வெளிச்சத்துல எவ்வளவு நேரம் வெளியில விளையாடுறா?" என்பதுதான். வெளியில் வெளிச்சத்தில் இருக்கிற நேரம் கூடினால் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று விளக்கினார், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது வெளியில் விடுங்கள் என்றார். எங்கே விடுவது? வீடு முடிந்த இடத்தில் சாக்கடை, சாக்கடை முடிந்த இடத்தில் அடுத்த வீடு. காலி மனை ஒன்று உண்டு, பாட்டில் உடைத்துப் போட்டிருக்கிறார்கள், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். பெண் பிள்ளை வேறு, பன்னிரண்டு வயதாகிறது, ஆறு மணிக்கு மேல் தெருவில் நின்றால் ஊரே கேள்வி கேட்கும், வீட்டுக்குள் ரீல்ஸ் பார்த்தால் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் நாங்களும் வீட்டுக்குள் இருந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது என்று சட்டம் வந்திருக்கிறது. அது சரியா, பிள்ளைகள் ஏமாற்றி உள்ளே போவார்களா என்பதெல்லாம் வேறு பேச்சு. எனக்குப் பிடித்தது ஒன்றுதான், தடையை மீறினால் அபராதம் கம்பெனிகளுக்கு, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கிடையாது. அங்கே அம்மாவை மேடைக்கு முன்னால் உட்காரவைத்துக் கை தூக்கச் சொல்லவில்லை.

கணவரைப் பற்றி எழுதாமல் விட்டால் கோபித்துக்கொள்வார். அவர் வேலை முடிந்ததும் இரண்டு மணி நேரம் கிரிக்கெட் பார்க்கிறார். அது விளையாட்டாம், அதனால் திரைக் கணக்கில் வராதாம். பையன் அவர் மேல் சாய்ந்துகொண்டு கூடவே பார்க்கிறான். நான் சலங்கையைத் தட்டில் அள்ளி வைத்துவிட்டு அவர்கள் இரண்டு பேரையும் பார்ப்பேன், பார்த்துவிட்டு நானும் என் போனை எடுப்பேன், பத்து நிமிடம் என்று எடுப்பது அரை மணி ஆகும். சிறப்பு விருந்தினர் சொன்ன சோம்பேறித்தனம் இதுதான் என்றால் ஒத்துக்கொள்கிறேன். காலை ஐந்து மணியிலிருந்து முதல் தடவையாக அப்போதுதான் உட்காருகிறேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.

இனி நான் கேட்க வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு அரசுப் பள்ளி இருக்கிறது. நல்ல மைதானம், வேப்ப மரம், ஒரு கைப்பம்பு கூட. நாலேகால் மணிக்கு கேட்டில் பூட்டு விழுந்தால் மறுநாள் காலைதான். முன்பு பையன்கள் சுவர் ஏறிக் குதித்து விளையாடினார்கள், சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்துவிட்டார்கள். அந்த கேட்டை ஆறரை மணி வரைக்கும் திறந்து வைக்க வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் எங்கள் மகளிர் குழுவில் பதினாறு பேர் இருக்கிறோம், நாளுக்கு இரண்டு பேர் என்று முறை போட்டுக்கொள்கிறோம், எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறோம். பட்டறைகள் இருக்கிற பகுதிகளில் அங்கன்வாடியை ஆறு மணி வரை நீட்டினால் இன்னும் நல்லது, அதற்குக் கூடுதல் ஆள் போட வேண்டும் என்பது தெரியும், இருக்கிற டீச்சரம்மா மேலேயே ஏற்றச் சொல்லவில்லை.

சாவியைப் பற்றி விசாரித்துவிட்டோம். பள்ளியில் கேட்டால் மேலிடத்தில் அனுமதி வாங்கி வாருங்கள் என்கிறார்கள். மேலிடத்தில் போய் நின்றால், இதற்கெல்லாம் எங்களிடம் ஏன் வருகிறீர்கள், பள்ளியிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இரண்டு முறை போனோம், இரண்டு முறையும் அரை நாள் கூலி போனதுதான் மிச்சம். இரண்டு இடத்திலும் மேஜை மேல் உங்கள் பத்திரிகை கிடந்தது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒருத்தி,
சிவதாபுரம், சேலம்.